காதுக்கு ஒண்ணுமில்லை

மார்ச் 4
கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. ரெண்டு ஃபிரேமுக்கு ஸ்க்ரூ மாற்றினேன். வீட்டுக்கு வந்தால் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார். "நீ ரெண்டு பேரா தெரியுறே." கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வாரம் கழித்துப் பேசின பேச்சு! "ஒருத்தியையே ஏறெடுத்துப் பார்க்கிறதில்ல, இதுல ரெண்டு வேறயா"ன்னேன். பவர் மாறியிருக்கும், கடைக்கு வாங்கன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்.

மார்ச் 5
காலையில் நாக்கு குழறியது. குடித்த தண்ணீர் மூக்கில் வந்தது. ஆஸ்பத்திரி. மத்தியானத்துக்குள் மூச்சுக்கு மெஷின்.

மார்ச் 6
உப்பிப்போன காளான் டப்பாவைத் திறந்து தின்றிருக்கிறார். எதையும் தூக்கிப்போட மனசு வராத மனுஷன். அதில் ஒரு கிருமி, அது விடும் விஷம்.
நாத்தனார் வந்தாங்க. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவங்க. இமை மூடி அவர் கட்டையாகக் கிடக்கிறார். "இனி நீதான் கூடவே இருந்து பார்த்துக்கணும்."
"இல்லண்ணி. தனியா ரூம் பேசிட்டேன். அடுத்த மாசம் போறேன். பேசாத ஆளோட இதுக்கு மேல என்னால முடியாது."
அண்ணி அழுதாங்க. எனக்கு ஒண்ணுமே தோணலை.

மார்ச் 7
டாக்டரம்மா படம் வரைந்து காட்டினாங்க. விஷம் நரம்பை ரெண்டு கையால் பிடிக்குமாம். ஒரு கை, நரம்பின் மேலிருக்கும் ஒரு கொழுப்பை. இன்னொரு கை, ஒரு புரதத்தை. தசைக்குச் செய்தி அனுப்ப நரம்பு வாயைத் திறக்கும்போதுதான் அந்தப் புரதம் வெளியே தலைகாட்டும். மூடும்போது விஷமும் கூடவே உள்ளே. அதனால் ஓயாமல் உழைக்கிற நரம்புதான் முதலில் மாட்டும். நல்ல நியாயம்! வெளியே சுற்றும் விஷத்தை மருந்து மடக்கும். உள்ளே போனதைத் தொடாது. நரம்பு புது முனை விடும்வரை காத்திருக்கணும்.
"நினைவு எப்போ வரும் டாக்டர்?"
"நினைவு எங்கம்மா போச்சு? அசைக்கிற நரம்பைத்தான் அது பிடிச்சிருக்கு. தொட்டா தெரியும். காதுக்கு ஒண்ணுமில்லை. எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கார்."

மார்ச் 8
அப்போ, கேட்டிருக்கார்.

மார்ச் 15
பேசத்தான் போனேன். வாய் வரலை. நகம் வெட்டிவிட்டு வந்தேன். அவருக்கு எதுவும் அசையலை, எல்லாம் தெரியுது. எனக்கு எல்லாம் அசையுது — சமைக்கிறேன், பஸ் ஏறுறேன் — ஒண்ணும் தெரியலை. என்ன ஜென்மமோ நான்.

ஏப்ரல் 1
ரூம்காரர் போன். எடுக்கலை.

ஏப்ரல் 9
ஆள்காட்டி விரல் அசையுது! ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டுன்னு நர்ஸ் பழக்கியிருக்காங்க. அவங்க நகர்ந்ததும் கேட்டேன். "அன்னைக்கு அண்ணிகிட்ட நான் சொன்னது கேட்டுச்சா?"
ஒரு தட்டு.
"நான் போகட்டுமா?"
விரல் அப்படியே கிடந்தது. பார்வை நேரம் முடிந்து வெளியே அனுப்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். விரல் களைச்சுப் போச்சா, இல்ல, எப்பவும்போல பதில் சொல்லாம இருக்காரா? பாவி மனுஷா, இப்பவுமா?

ஏப்ரல் 10
நர்ஸ் வாசலிலேயே பிடிச்சுக்கிட்டாங்க. "நேத்து நீங்க போன கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சார். ரெண்டு ரெண்டாத் தட்டிக்கிட்டே இருக்கார். வலியா, குளிரா, என்ன கேட்டாலும் இல்லைங்கிறார். எதுக்கு இல்லைன்னே புரியலைங்க."
வாய் முழுசா இருந்தப்போ எங்கே போயிருந்தாராம் இந்த ஆளு?
பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிச்சேன். சூடா இருந்தது.