பாப்பா, டாங்கோ, கிலோ

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

டிஜிட்டல் ரேடியோ வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் திருமுருகன் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, "வாக்கி-டாக்கிதானே, இதுக்குப் பரீட்சை வேறயா?" என்றார். ஆமாம், பரீட்சை எழுதித்தான் உரிமம் வாங்கினேன். கூடவே ரேடியோவில் என் அடையாளமாக ஓர் அழைப்புக்குறியும். அது P, T, K என்று முடிகிறது; ரேடியோ பாஷையில் பாப்பா, டாங்கோ, கிலோ. ப, ட, க. எனக்கு அதிகம் திக்கும் மூன்றையும் பொறுக்கி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமாக வாய் அடைத்தால் வேறு சொல்லுக்குத் தாவிவிடுவேன். பாசார் வராவிட்டால் மார்க்கெட். அழைப்புக்குறிக்கு மாற்றுச் சொல் கிடையாது. அதைச் சொல்லாமல் ரேடியோவில் பேசவும் கூடாது.

9 ஆகஸ்ட், சனி

குன்றின் மேலிருக்கும் ரிப்பீட்டர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கிள்ளானிலிருந்து என் சின்ன ரேடியோ சொல்வதை வாங்கி கோலாலம்பூர் வரை அனுப்புவதுதான் அதன் வேலை. குழு எண் சரி. கலர் கோடு என்ற இன்னொரு எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தேன். மாற்றிவிட்டு பட்டனை அமுக்கினேன். டிங் — வழி கிடைத்துவிட்டது. வாய்தான் திறக்கவில்லை. விட்டுவிட்டேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

தினமும் இரவு எட்டு மணிக்கு ரேடியோவில் வருகைப் பதிவு. பிரிக்ஃபீல்ட்சிலிருந்து கிரிதரன் நடத்துகிறார். மழைக்காலத்துக்கு முன் வெள்ளக் காவலுக்கு ஆள் சேர்க்கிறார்களாம். எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து ஒருவரும் இல்லை. குரலில் பதிவு செய்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

அதற்காகத்தானே இவ்வளவும். 2021 வெள்ளத்தில் மாடியில் நின்று உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டேன். முகவரி வாயில் வரவில்லை. அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு லோகேஸ்வரி ஆன்டி ஃபோனைப் பிடுங்கிப் பேசினார்.

இன்றும் அமுக்கினேன், விட்டேன். நல்லவேளை, குரல் வராவிட்டால் யாருக்கும் தெரியாது.

19 ஆகஸ்ட், செவ்வாய்

அமுக்கினேன். விட்டேன்.

22 ஆகஸ்ட், வெள்ளி

மானம் போச்சு. கிரிதரன் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: "புனிதா, ரேடியோ ஓகேவா? டெய்லி உங்க பேரு ஸ்கிரீன்ல வருது, வாய்ஸ் வரல. மைக் ப்ராப்ளமா?"

டிஜிட்டலில் பட்டனை அமுக்கினாலே போதுமாம். பேசுவதற்கு முன்பே நம் அழைப்புக்குறியும் பேரும் எல்லார் திரையிலும் விழுந்துவிடுமாம். இரண்டு வாரமாக ஊரே பார்த்திருக்கிறது. நான் ஒளிந்து நிற்பதாக நினைத்துக்கொண்டு —

திரு விழுந்து விழுந்து சிரித்தார். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு இந்த மனுஷனுக்கு? ரேடியோவை அலமாரிக்குள் தள்ளிப் பூட்டினேன். மைக் ப்ராப்ளம்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். சொல்லலையே. ஏன் சொல்லல?

23 ஆகஸ்ட், சனி

எழுதி அனுப்பிவிட்டேன்: "மைக் நல்லா இருக்கு. எனக்குத்தான் வாய் திக்கும்."

பதில் உடனே வந்தது. "அவ்ளோதானா? மெதுவா வாங்க லா. நீங்க பட்டனை அமுக்கியிருக்கும்போது லைன் உங்களோடது. வேற யாரும் நடுவுல பேச முடியாது."

திரும்பத் திரும்பப் படித்தேன். என் வாக்கியத்தை எனக்காக முடித்து வைக்காத ஆளே இல்லை. அம்மா, டீச்சர், திரு, பாசாரில் மீன்காரர் உட்பட. இதில் அது முடியாதாம். அலமாரியைத் திறந்தேன்.

27 ஆகஸ்ட், புதன்

ப-ப-பாப்பா. டாங்கோ. அப்புறம் அடைத்துக்கொண்டது. விரலை எடுக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது, யாரும் வரவில்லை, யாராலும் வர முடியாது. கிலோ. நானே சொன்னேன்.

"பதிவாச்சு, புனிதா. அடுத்தவங்க?" என்றார் கிரிதரன். எல்லாரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னார். சமையலறை வாசலில் திரு கரண்டியோடு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

மத்தியானத்திலிருந்து விடாத மழை. வெள்ளக் காவலில் எங்கள் தாமான் இப்போது என் பொறுப்பு. இரவுப் பதிவில் கிரிதரன், "கிள்ளான் பக்கம் எப்படி?" என்றார். பெரிய லோங்காங் கால்வாயில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறிவிட்டது, பாலத்தடியில் மரக்கிளை அடைத்திருக்கிறது, கார்களை மேட்டுக்கு ஏற்றச் சொல்லியாயிற்று என்று திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டே போனேன். திடீரென்று ரேடியோ 'பீப்' என்றது. என்ன கோளாறு என்று கேட்டேன்.

"கோளாறு இல்ல, புனிதா. ஒரே ஆளு மூணு நிமிஷத்துக்கு மேல பேசினா ரிப்பீட்டர் வெட்டிடும். மிச்சத்தைச் சொல்லுங்க."

அதிகமாகப் பேசியதற்காக என்னை இதுவரை யாரும் நிறுத்தியதில்லை.

பட்டனை அமுக்கி மிச்சத்தைச் சொன்னேன்.