ஆணியில் தொங்கும் வில்லை

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது.

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது நலமாயிரு. என் எழுத்து கோழி கிறுக்கினது மாதிரி இருக்கும், பொறுத்துப் படி.

உன் அண்ணன் போய் நாற்பத்தாறு நாள். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலை வைத்துவிட்டுக் கரைக்கு ஓடுகிறேன், கரையிலிருந்து அடுப்புக்கு ஓடுகிறேன். "இப்படிச் சுற்றினால் தீவே தேய்ந்துவிடும்டி" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. சிரித்தேன். சிரித்ததற்கும் அழுதேன்.

ஒன்று கேட்கவேண்டும். கடலுக்குப் போகையில் ஜெபவீட்டுப் பலகையில் அவரவர் ஆணியில் பேர் கீறின தகர வில்லையை மாட்டுவோம், திரும்பினதும் கழற்றுவோம். படகு கவிழ்ந்து நீ மட்டும் கரையேறின அன்று, அண்ணன் ஆணி காலியாயிருந்தது. வந்துவிட்டார் என்று ஓடிப்போய்க் குளிக்க வெந்நீர் போட்டேன். அது ஆறின பிறகுதான் ஆட்கள் வந்து சொன்னார்கள். அவர் வில்லையை ஏன் எடுத்தாய்? கேட்பதற்குள் மறுநாளே ஊரைவிட்டுப் போய்விட்டாயே. அந்த வெந்நீரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணி

ஜூலை 19

அண்ணிக்கு,

வேண்டுமென்று எடுக்கவில்லை. கரையேறினதும் பழக்கதோஷத்தில் கால் ஜெபவீட்டுக்குத்தான் போனது. கண்ணெல்லாம் உப்பு. என்னுடையது என்று கழற்றினேன். பார்த்தால் அண்ணனுடையது. திருப்பி மாட்டத் தெம்பில்லை.

வெந்நீர் போட்டது எனக்குத் தெரியாது அண்ணி.

இங்கே மரக்கடையில் வேலை. கடல் கண்ணில் படாத தெரு. வில்லையை இதோடு அனுப்புகிறேன். இனி எனக்கு எழுதாதீர்கள்.

தம்பி

ஜூலை 30

தம்பி,

எழுதாதே என்றால் நான் கேட்கிற ஆளா?

வில்லை வந்தது. மாட்டலாமென்று பலகைவரை போனேன். மனசு வரவில்லை. எத்தனை நாள்தான் அவரைத் தண்ணீரிலேயே வைத்திருப்பது? வீட்டில், அவர் சட்டை மாட்டுகிற கொக்கியில் மாட்டிவிட்டேன். கரைக்கு ஓடுவது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உன் வில்லை இன்னும் பலகையில்தான். சாயங்காலம் தவறாமல் போதகர் உன் பேரைச் சொல்லி, "கடலிலிருந்து பத்திரமாய்க் கொண்டுவாரும்" என்று ஜெபிக்கிறார். "அவன் மரக்கடையில் இருக்கிறான் ஐயா" என்றேன். "ஆணியில் இருக்கிறவரை கடலில்தானம்மா. அவன் கையால்தான் கழற்றணும்" என்கிறார். முதலில் ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பொய் சொல்லமாட்டேன். இப்போது எல்லோரையும்விடச் சத்தமாய்ச் சொல்கிறேன். நீ இன்னும் கரையேறவில்லை என்றுதான் எனக்கும் படுகிறது.

சனிக்கிழமைப் படகில் வா. வெந்நீர் போட்டு வைக்கிறேன்.

உன் அண்ணி