நான் அழுதால் நம்பாதே

என் அம்மாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைக் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா எழுந்துவிடுவதற்குள் முடிக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. போனை அப்பா தன்னிடமே வைத்துக்கொண்டார். காலையில் தோழியின் போனில் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவேன்.

இன்று உன் கப்பல் கம்பெனி ஆபீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். "ரெண்டாவது எஞ்சினை நான் லேட்டா கிளப்பினதாலதான் கப்பல் இடிச்சுதுன்னு உங்க வீட்டம்மா ஒரு வார்த்தை சொல்லிட்டா அடுத்த வாரமே வீட்டுக்கு அனுப்பி வெச்சிடுவோம், இல்லேன்னா விசாரணை முடியற வரைக்கும் அந்தத் துறைமுகத்துலதான்" என்று தேன் ஒழுகப் பேசினார். அப்படிச் சொன்னால் பிறகு எந்தக் கப்பலிலும் உன்னை ஏற்ற மாட்டார்கள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார்.

நீ அன்று போனில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. டீசலை மிச்சம் பிடிக்க ஒரே ஜெனரேட்டரைத்தான் ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் போட்ட உத்தரவு. கப்பலைக் கரையோரம் சேர்க்கும்போது அதன் முன்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிற விசிறிக்கு அது போதாது. இரண்டாவது ஜெனரேட்டரின் எஞ்சினைக் கிளப்பி, சூடேற்றி, இரண்டும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும்வரை பொறுங்கள் என்று நீ எஞ்சின் அறையிலிருந்து மேலே கேப்டனுக்குச் சொன்னாய். கேப்டன் பொறுக்காமல் விசிறியைப் போட்டார். மொத்தச் சுமையும் ஒரே அடியில் விழுந்ததும் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திணறி நின்றது. கப்பல் முழுக்க இருட்டாகி, போய்த் துறைமுகச் சுவரில் இடித்தது. இதில் உன் தப்பு எங்கே வந்தது?

சித்தப்பாவும் வந்திருந்தார். "மிக்சி ஓட்டற கைக்கு ஜெனரேட்டர் எதுக்கு?" என்று சிரித்தார். "நீங்க மொதல்ல மிக்சி ஓட்டிக் காட்டுங்க சித்தப்பா" என்று என் வாய் முந்திக்கொண்டது. அப்பா என்னை முறைத்தார். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

அப்பா கெட்டவர் இல்லை, அம்மா. பயந்துவிட்டார். "பெரிய எடத்தோட நமக்கு எதுக்கு வம்பு, அவ வந்தா போதும்" என்று சுவரைப் பார்த்துப் பேசுகிறார். தம்பி உன் தலையணையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறான். துணி துவைப்பதைப் பற்றி நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாளை சாயங்காலம் உனக்குப் போன் போட்டு என் கையில் கொடுப்பார்கள். "அம்மா, ஒத்துக்கிட்டு வந்துடும்மா" என்று அழ வேண்டுமாம். சித்தப்பா சொல்லியும் கொடுத்துவிட்டார். அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒரு வார்த்தைகூட என் வாயில் வராது. அடித்தாலும் வராது.

ஒத்துக்கொள்ளாதே அம்மா. நடந்தது நடந்தபடி சொல். எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். உன் குரலைக் கேட்டதும் ஒருவேளை எனக்கு அழுகை வந்துவிட்டால், அதை நம்பிக் கிளம்பி வந்துவிடாதே. அது அவர்களுக்காக அழுவது இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் வாயாடி மகள்