சிபாரிசு செய்யாதவள்

23 ஏப்ரல் 2007
நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. மாடியில் குடியிருக்கும் அஞ்சலாட்சியின் மகளுக்காக நான் கான்வென்ட்டில் பேசி முடித்துவிட்டேனாம். எதிர்வீட்டு ஜெயம் தெருவெல்லாம் சொல்லி வருகிறாள். அந்தக் கான்வென்ட்டில்தான் படித்தேன். என் சொந்த மகளுக்காகக்கூட அங்கே வாய் திறந்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். கொல்லை மாமரத்தின் முதல் பழங்களை வருடா வருடம் சிஸ்டர்களுக்கு அனுப்புகிறேன். இந்த வருடம் எனக்கு முழங்கால் வலி. அஞ்சலாட்சி கூடையை அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அது மரியாதை. சிபாரிசு அல்ல.

அவள் மகள் பூர்ணிமா தானே படித்துத் தானே பரீட்சை எழுதினாள். ஆறாம் வகுப்பில், அதிகத் திறமையுள்ள பிள்ளைகளுக்கென்று புதிதாகத் தனிப்பிரிவு தொடங்குகிறார்கள். இருபதே இடம். எழுதியவர்கள் முந்நூறு பேர்.

26 ஏப்ரல்
அஞ்சலாட்சியின் கணவன் கலைவாணன் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வந்தவன், சைக்கிளை விட்டு இறங்காமலே, "பாப்பா ரிசல்ட்டு எதனா தெரிஞ்சுதாம்மா?" என்றான்.

"நோட்டீஸ் போர்டு என் வீட்டிலா இருக்கிறது?" என்றேன்.

சிரித்தான். மாடிக்குப் போகாமல் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

30 ஏப்ரல்
பட்டியல் ஒட்டிவிட்டார்கள். பத்தொன்பது பெயர். பூர்ணிமா இல்லை.

மாடியில் டிவி சத்தம்கூட இல்லை.

2 மே
அஞ்சலாட்சி பள்ளிக்கூடத்துக்கே போய்க் கேட்டிருக்கிறாள். மதிப்பெண்ணில் பூர்ணிமா நாலாவதாம். ஆனால் சிபாரிசோடு வரும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை என்று விதியாம். யாருடைய சிபாரிசு? ராஜாம்பாளுடையதாம். என்னுடையது!

"நான் என்னடி சிபாரிசு செய்தேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யலம்மா. நாந்தான்... கூடையில பழத்துக்கு மேல ஒரு சீட்டு வெச்சேன். புள்ள பேரு, நட்சத்திரம், பரீட்சை நம்பரு."

"நட்சத்திரம் எதற்கு?"

"கோயில்ல அர்ச்சனைக்கு அப்பிடித்தான எழுதிக் குடுப்போம்? அவங்களும் சாமிகிட்ட இருக்கறவங்கதான. ஜெபத்துல நம்ம புள்ள பேரையும் சொல்லட்டுமேன்னு..."

அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. "உன் சாமிக்குப் பரீட்சை நம்பர் எதற்கடி?" என்றேன்.

"எத்தினியோ பூர்ணிமா இருக்குதேம்மா. சாமி வேற புள்ளைக்கு வரம் குடுத்துட்டா?"

சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

3 மே
ஜெயம் நம்பினால் போகிறது. சிஸ்டர்களுமா நம்பினார்கள்? என்னைத் தெரியாதா அவர்களுக்கு?

4 மே
கலைவாணன் வந்து வாசலிலேயே நின்றான். "எங்களால ஒங்க பேரு கெட்டுப்போச்சும்மா. வேற வீடு பாத்துக்கறோம்."

"காலி செய்யச் சொன்னேனா? போய்ச் சாப்பிடு" என்றேன்.

அவன் பின்னால் பூர்ணிமா நின்றாள். "நான் தப்பா எழுதிட்டனா, ஆயா?" என்று கேட்டாள். நாலாவதாக வந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

நேரில் போய் நின்றால் அதுவும் சிபாரிசு என்பார்கள். எழுதினால்? அதையும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லட்டும்.

5 மே
தலைமை சிஸ்டருக்கு இன்று கொடுத்தனுப்பியது. எனக்காக ஒரு நகல்:

"கூடை என்னுடையது. அதிலிருந்த சீட்டு என்னுடையதல்ல. பிள்ளையின் தாய் அஞ்சலாட்சி, கோயில் அர்ச்சனைக்குக் கொடுப்பதுபோல் உங்கள் ஜெபத்துக்காக வைத்தது. மறுபடி எடுத்துப் பாருங்கள். கேட்டை நட்சத்திரம் என்றிருக்கும். சிபாரிசுச் சீட்டில் யாரும் நட்சத்திரம் எழுதமாட்டார்கள்.

உங்கள் பட்டியலில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. பூர்ணிமாவின் விடைத்தாளை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் நான் ஒன்றைக் கேட்பது இதுவே முதல் தடவை.

யாரிடமும் சொல்லியனுப்ப வேண்டாம். பதிலை எழுத்தில் தாருங்கள்."