ஏழாம் நம்பரின் குளியல்

ஜூலை 5, சனி

தாராவி வாழ் பொதுமக்களுக்கு மிகுந்த பணிவுடன் அறிவிப்பது: முகம்மது ஹனீப் மகன் ராஹில் இன்று முதல் ஏழு தவளைகளின் குளியல் அதிகாரியாகப் பதவியேற்றுள்ளார். இடம்: செம்பூர், எங்கள் காலேஜ் லேப். ஊர்வலம் வேண்டாம்.

விஷயம் இதுதான். தவளைத் தோலில் நல்ல கிருமிகள் குடியிருந்தால் பூஞ்சை நோய் அண்டாது. லேபில் ஆராய்ச்சி செய்கிற மாலதி அக்கா மூணு மாசமா அந்தக் கிருமிகளை வளர்த்துக் கரைசலாக்கி வைத்திருக்கிறார். அதில் தவளைகளைக் குளிப்பாட்டணும்.

ஜூலை 8

என் சேக்காளி அஸாருதீன் நவி மும்பைப் பக்கம் நெருளுக்குக் குடிபோய் நாற்பது நாள். வகுப்பில் என் பக்கத்து இடம் காலி. வாப்பா பட்டறையின் தோல் வாடை என் மேல் அடிக்குதாம், மூக்கைப் பிடிக்கிறார்கள். “இம்போர்ட்டட் சென்ட், மாலூம் ஹை, தெரியுமா?” என்றேன். சிரித்தார்கள். யாரும் உட்காரவில்லை.

ஜூலை 12, சனி

லேபுக்குள் போகுமுன் வாடை போக முழங்கை வரை சானிடைசர், அதுக்கு மேல க்ளவுஸ். அக்கா மூக்கைப் பிடிக்கவில்லை.

ஏழாம் நம்பர் தவளை தம்மாத்துண்டு. என் உள்ளங்கையில் அஞ்சு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஜூலை 13

அஸாருதீனுக்கு போன். “நான் தொட்டா தவளைக்கு நோயே வராது லே. கைராசி.”

“சரி லே டாக்டரு, பொறவு பேசுதேன்.” பின்னால் யார் யாரோ சிரிக்கிற சத்தம்.

பொறவு பேசவில்லை.

ஜூலை 19, சனி

ஏழாம் நம்பர் எதுவும் தின்னலை. தோல் உரிஞ்சு தண்ணியில மிதக்குது. அதன் மேல் நல்ல கிருமி ஒண்ணுகூட இல்லையாம்; மத்த ஆறையும் இன்னும் பரிசோதிக்கலை.

“கரைசல்தான் கெட்டிருக்கணும். திங்கட்கிழமை எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்,” என்றார் அக்கா. “இல்லேன்னா, நீ வெறுங்கையால தொட்டியா ராஹில்? சானிடைசர் பட்டா நல்ல கிருமியும் செத்துடும்.”

“க்ளவுஸ் போட்டுத்தான் க்கா.”

ஜூலை 20

மூணு மாச வேலை. உண்மையைச் சொன்னா லேப்ல எனக்கிருக்கிற இடமும் போயிரும். சொல்லலைன்னா—

ஜூலை 21, திங்கள்

அக்கா பாட்டிலை எடுக்கும்போது சொல்லிட்டேன். “கொட்டாதீங்க க்கா. க்ளவுஸைக் கழட்டினேன்.”

“ஏன்?”

ஜோக் எதுவும் வரலை. “கையில உக்காந்துச்சு க்கா. வேற யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்காங்க.”

அக்கா க்ளவுஸ் மாட்டினார். ஏழாம் நம்பரை எடுத்து அதே கரைசலில் விட்டார். நான் கிளம்பும்போது சொன்னார், “சனிக்கிழமை தண்ணி மாத்த வா. தவளையைத் தொடாதே.”

ஜூலை 26, சனி

திருத்த அறிவிப்பு: குளியல் அதிகாரி பதவி பறிபோனது. இப்போது வாளி தூக்குகிறேன். கைராசியும் கிடையாது; என் கை படாததாலதான் அது பிழைச்சுது.

ஏழாம் நம்பர் இன்னைக்கு ஒரு பூச்சி தின்னுச்சு. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டு.