சுடாத கால்

2025 ஜூன் 19, வியாழன்

கடையை அடைத்துவிட்டு நடந்தே வந்தேன். வாசலில் தர்மாம்பாள் என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னொரு செருப்பு எங்கங்க?" என்றாள். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால். வலது காலில் மட்டும் செருப்பு இருக்கிறது.

எங்கே கழன்றது என்று தெரியவில்லை. திருப்பனந்தாள் கடைத்தெருவிலிருந்து எங்கள் ஊருக்குப் பாதி தூரம் தார் ரோடு, மீதி வாய்க்கால் கரைச் சரளை. அதில் ஒற்றைச் செருப்போடு நடந்தவனுக்கு உறைக்காதா? ஏதோ யோசனையில் வந்துவிட்டேன் என்று பெண்டாட்டியிடம் சொன்னேன். "உர மூட்டை நினைப்புதான் எப்பவும்" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

மண்ணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாளை காலை நாற்றங்காலுக்கு உரம் கேட்டுக் கடையில் கூட்டம் நிற்கும். சீக்கிரம் படுக்க வேண்டும்.

ஜூன் 20

செருப்பு மதகுக்குப் பக்கத்தில் கிடந்தது. மதகிலிருந்து வீடு பக்கத்திலா இருக்கிறது?

ஜூன் 25, புதன்

பள்ளிக்கூடத்தில் இன்று சர்க்கரைக்காரர்கள் கூட்டம். வானதி என்று ஒரு பெண், தஞ்சாவூரில் பொதுச் சுகாதார ஆராய்ச்சி செய்கிறாளாம். டாக்டர்கள் சொல்லிக்கொடுப்பதில் எது மனதில் நிற்கிறது, எதைக் காற்றில் விடுகிறோம், இந்த வியாதியை வைத்துக்கொண்டு வீட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறோம் என்று கேட்கிறாள். என்னை முதல் நாற்காலியில் உட்கார வைத்தாள். "ஊர்ல உங்க பேச்சுக்கு மரியாதை உண்டுன்னு சொன்னாங்க ஐயா." இல்லாமலா? போன ஆடித் தீமிதியில் இந்தத் தியாகேசன் காலைத் தீயே சுடவில்லையே.

சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம் என்றேன். தர்மாம்பாளுக்கும் உண்டு, என் சீட்டுக்கு வாங்கும் மாத்திரையிலேயே அவளும் போட்டுக்கொள்கிறாள் என்றேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு கண்ணை மூடச் சொன்னாள். கையில் ஒரு நைலான் இழை, தூண்டில் நரம்பு மாதிரி. அது பாதத்தில் படும்போதெல்லாம் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேலை மெனக்கெட்டு வந்த பெண்ணிடம் இல்லை, இல்லை என்று எப்படிச் சொல்வது? அதோடு பக்கத்தில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. ஒரு தாளக்கட்டு பிடித்துக்கொண்டு "தெரியுது" என்றேன். கொஞ்சம் விட்டு, "தெரியுது." இன்னும் கொஞ்சம் விட்டு, "ம், தெரியுது."

"ஐயா," என்று என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இந்தக் காலை நான் இன்னும் தொடவே இல்லீங்க."

தர்மாம்பாள் தன் முறை வருவதற்குள், அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 26

போன ஆடியை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் அம்மனுக்குத் தீ மிதிக்கிறவன்தான். எல்லா வருடமும் சுடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய் அந்தப் பக்கம் பால் குழியில் காலை வைப்போம். போன வருடம் சுடவில்லை. தணல் மேல் வயல் வரப்பில் நடக்கிற மாதிரி நிதானமாக நடந்தேன். நடுவில் நின்று கும்பிடக் கூடச் செய்தேன். ஊர் குலவையிட்டது. பெண்கள் என் காலில் விழுந்து திருநீறு வாங்கினார்கள். ஆத்தா என்னைத் தொட்டுவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று நாள் கழித்துப் பாதம் முழுக்கக் கொப்புளம் உடைந்து தோல் உரிந்தது. அதைக்கூட யாருக்கும் காட்டாமல் மஞ்சள் அரைத்துப் பூசினேன்.

அப்படியானால் அது என்ன? ஆத்தாவா, சர்க்கரையா?

என் அண்ணனுக்கும் சர்க்கரைதான். ஒரு விரலை வெட்டி எடுத்ததில்தான் ஆரம்பித்தது. அப்புறம் பாதம். அப்புறம் முழங்கால். அப்புறம் அண்ணனே இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடியும் கூட்டம். வானதியோடு ஒரு சின்ன வயது டாக்டர் வந்திருந்தார். பாதப் பராமரிப்பு பற்றி நன்றாகத்தான் பேசினார். கடைசியில், "சர்க்கரை இருக்கிறவங்க தீ மிதிக்கவே கூடாது" என்று ஒரு போடு போட்டார். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். கோயில் காரியம் பார்க்கிற மருதையன், பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட்டாளி, வாசலில் நின்று கத்தினான். "எங்க தியாகு காலைப் பாருங்க சார். சர்க்கரைதான். தீ சுட்டுச்சா?" எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். எனக்கு வேட்டியை இறக்கி மூடிக்கொள்ளலாம் போல இருந்தது.

எல்லோரும் போன பிறகு வானதி என்னிடம் ஒரு கைக்கண்ணாடி கொடுத்தாள். "நடக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேங்க. தினமும் இதுல பாதத்தைப் பாருங்க. கால் உங்ககிட்ட சொல்லாததை இது சொல்லும். காப்பு கட்டுறதுக்கு முன்னாடி, ஆடி பன்னெண்டுக்குள்ள ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க, நானே கூட வர்றேன்."

கண்ணாடியை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன். இருக்கட்டும். பார்த்தால்தானே தெரியும்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

மருதையன் மகன் சதீஷ் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. பிறந்தால் தூக்கிக்கொண்டு தீ இறங்குவதாக வேண்டுதல். குடும்பத்தோடு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"பெரியப்பா, நீங்கதான் பிள்ளையைத் தூக்கிட்டு எறங்கணும். என் கால் சுட்டா நான் துள்ளிடுவேன். உங்களுக்குத்தான் அந்தப் பயமே இல்லையே" என்றான்.

குழந்தை என் மடியில் ஏறி உட்கார்ந்து காதைப் பிடித்துக்கொண்டது. தர்மாம்பாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான் வெற்றிலையை எடுத்துக்கொண்டேன்.

ஏன் எடுத்தேன்?

ஜூலை 22

காலையில் முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் ஆள் சாய்ந்துவிட்டேன். கிணற்றடிச் சுவரைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். கண் திறந்திருந்தால் நிற்கிறேன், மூடினால் தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை. தீக்குழியில் புகை வரும். கண் எரியும். எரிந்தால் மூடத்தான் மூடுவேன்.

கையில் அந்தப் பிள்ளை.

ஜூலை 29, செவ்வாய்

காப்பு கட்டிக்கொண்டேன். இனி தீமிதி முடியும்வரை செருப்பு போடக் கூடாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது. கடையைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். வானதி போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் வரவில்லையே என்றாள். காப்பு கட்டியாச்சும்மா, எல்லை தாண்ட முடியாது என்றேன். போனை வைத்ததும் எனக்கு ஒரு நிம்மதி. ஆத்தா பேரைச் சொல்லி டாக்டரிடமிருந்து ஒளிந்துகொண்டேன். நான் பயந்தாங்கொள்ளி. வேறு யாரிடம் சொல்வது, இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

தர்மாம்பாள் மற்ற பெண்களோடு படித்துறைக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும். தரையில் நடந்த இடமெல்லாம் ஈரமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தேன். துணியில் மஞ்சளும் சிவப்புமாக வந்தது.

இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்தேன். இடது பாதம், கட்டை விரலுக்குக் கீழே. வெள்ளையாக ஊறிய தோல், நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. அமுக்கினேன், சீழ் வந்தது. கறுப்பு, கருவேல முள்ளின் முனை. முழுசாக உள்ளே ஏறி ஒடிந்திருக்கிறது. காப்பு கட்டியதிலிருந்து வெறுங்கால்தான். எந்த நாள் ஏறியதோ. அதன் மேல்தான் இத்தனை நாளும் கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறேன்.

இன்னொரு தடவை அமுக்கினேன். வலிக்கல. நகத்தை வச்சு அழுத்தினேன், அப்பவும் வலிக்கல. ஏன் வலிக்க மாட்டேங்குது? வலிச்சுத் தொலையேன். அண்ணே, உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா? ஏன் எங்கிட்ட சொல்லாமப் போன?

ஆகஸ்ட் 4

உடம்பு கதகதவென்று இருக்கிறது. விரல் வீங்கியிருக்கிறது. துணி சுற்றிக்கொண்டு, நகம் பெயர்ந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பிள்ளை என்னிடம் பழக வேண்டும் என்று சாயங்காலம் மருதையனும் சதீஷும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கிக்கொண்டு எழுந்தேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் கால் எங்கேயோ போய்விட்டது. தோள் தூணில் மோதியது, பிள்ளை வீறிட்டது. அதன் தலைக்கும் தூணுக்கும் நடுவில் என் கை இருந்தது. கை இல்லாவிட்டால்?

குழந்தையைச் சதீஷிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"மருதை, நான் தூக்க மாட்டேன்டா."

"என்னடா திடீர்னு?"

"எனக்குக் கால்ல உணர்ச்சி இல்ல. சர்க்கரையில நரம்பு செத்துப்போச்சு. போன வருஷமே செத்திருக்கு. அதான் சுடல."

துணியை அவிழ்த்துக் காட்டினேன். கதவோரம் நின்ற தர்மாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மருதையன் என் முன்னால் வந்து நின்றான்.

"அப்ப போன வருஷம் ஆத்தா வரலைங்கிறியா?"

"எனக்குத் தெரியல."

குனிந்து என் பாதத்தைப் பார்த்தான். கோபத்தில் என்னை அடிப்பானோ என்றிருந்தது. கடைசியில், "இந்தக் காலை வச்சுக்கிட்டு விழாம அந்தப் பக்கம் போய்ச் சேந்தியே. அவ வராமயா?" என்றான். உடனே மகனைப் பார்த்து, "வண்டியை எடு. ஆஸ்பத்திரிக்கு" என்றான்.

"காப்பு?" என்றேன்.

"அவுத்துச் சூலத்துல கட்டிடலாம். ஆத்தாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

எல்லைக் கல்லைத் தாண்டும்போது சதீஷ் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவன் வண்டியை மெதுவாக ஓட்டினான். டாக்டர் முள்ளை எடுத்தார், ஊசி போட்டார், கட்டுப் போட்டார். எலும்புக்குப் போயிருக்கிறதா என்பது திங்கட்கிழமைதான் தெரியுமாம். விரல் தங்குமா என்று கேட்க வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி. தீமிதி

கோயிலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், கட்டுக்காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு. மருதையன் மைக்கில் எதையும் மறைக்கவில்லை. "தியாகேசனுக்குக் கால்ல புண்ணு, உணர்ச்சி இல்ல. சர்க்கரை உள்ளவங்க எறங்குறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட காலைக் காட்டிட்டு எறங்குங்க" என்றான். சிலர் முணுமுணுத்தார்கள். வானதி முன்னால் ஒரு சின்ன வரிசை நின்றது. இரண்டு பேர் தீ இறங்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

பிள்ளையைச் சதீஷே தூக்கினான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலே எட்டில் பாய்ந்து பால் குழியில் நின்றான். பிள்ளை சிரித்தது. அவன் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி என்னிடம் வந்தான்.

"யப்பா, என்னா சூடு பெரியப்பா, உசிரே போயிடுச்சு."

அவன் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று மஞ்சள் நீராட்டோடு எல்லாம் முடிந்தது. வானதி ஓர் இழையை என்னிடம் விட்டுப் போயிருக்கிறாள், தெருக்காரர்களுக்குப் பார்த்துச் சொல்ல. என்னை மாதிரி ஏமாற்றினால் கண்டுபிடித்துவிடுவேனாம்.

சாயங்காலம் தர்மாம்பாளைக் கூப்பிட்டேன். "உனக்கு யாரும் பாக்கல, உக்காரு" என்றேன். புருஷன் தன் காலைத் தொடுவதாவது என்று மாட்டவே மாட்டேன் என்றாள். இழைதான் படும், என் கை படாது என்று சத்தியம் செய்த பிறகு பலகையில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

வலது பாதத்தில் வைத்தேன். விரல், நடு, குதிகால். இழை வளைகிறது, அவள் பேசவில்லை. இடது பாதத்தில் வைத்தேன். அங்கேயும் பேசவில்லை. முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தேன்.

"சீக்கிரம் ஆரம்பிங்க, அடுப்புல சோறு கெடக்கு" என்றாள்.

இழையைக் கீழே வைத்துவிட்டு அவள் இரண்டு பாதத்தையும் என் உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டேன். அவள் கண்ணை மூடியபடியே காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் என்ன பண்றீங்க என்று கண்ணைத் திறந்தவள், என் கையைப் பார்த்த பிறகுதான் பதறிக் காலை இழுத்துக்கொண்டாள்.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு அவளும் வருகிறாள். ஏன் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.