மொட்டைமாடி டோனர்

சந்தாபுரா
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு சுனிதாவுக்கு,

சித்தப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே உன் சித்தி சுகம், நான் அளவுக்கு மீறிய சுகம், அங்கே நீயும் பின்லாந்துப் பனியும் ஒருவரையொருவர் விழுங்காமல் சுகமா? இந்தக் கடிதத்தைச் செப்பேட்டில் பொறித்து யானைமேல் அனுப்பியிருக்க வேண்டும், ஆனேக்கல் முழுக்கத் தேடியும் யானை கிடைக்கவில்லை, அதனால் தபால். ஆபரேஷன் முடிந்ததைச் சித்தி போனில் சொல்லிவிட்டாள். ஒன்றை மட்டும் நான்தான் வெட்கப்பட்டுச் சொல்லவிடவில்லை. இன்று அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் சரித்திரம். உன் சித்தி தனக்கோடிக்கு இடது கண் போய் நாலு வருஷம், வலது கண்ணின் கருவிழியும் பாலாடை படிந்தாற்போல வெளுத்துக்கொண்டே வந்தது உனக்குத் தெரியும். மாற்றுக் கருவிழிக்குப் பேர் பதிந்து காத்திருந்தபோது, மாசி மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். நம் வீடோ தரைத்தளம், நாலு பக்கமும் கான்கிரீட், எமதர்மனே கூப்பிட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் பதில் போகும். கொத்தமல்லி வாங்க கேட்டுக்கு வெளியே கால் வைத்தேன், மூன்று மிஸ்டு கால் செய்தியும் டிங் டிங்கென்று விழுந்தது. திருப்பிக் கூப்பிட்டால் அடுத்த பேஷன்டுக்குப் போயாச்சு சார் என்றார்கள். சாயந்திரம் சித்தி, யாருக்கோ கிடைச்சிருக்கே, நல்லா இருக்கட்டும் என்றாள். மறுநாளிலிருந்து நான் வாட்ச்மேன் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு பட்டன் போனும் கையுமாக கேட்டருகே காவல் இருந்தேன், வெயிலில் கறுத்து என் நிழலுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

அப்போதுதான் உன் சிக்னல் இன்ஜினியர் மூளையோடு நீ கைகொடுத்தாய், நாலாயிரம் மைலுக்கு அப்பாலிருந்தபடியே. மாடி மாடியாக என்னை டேப் பிடித்து அளக்க வைத்து, படம் போட்டு, எந்தச் சுவருக்குள் சிக்னல் சாகிறது என்று சிவப்பில் குறித்து, எங்கே ஆன்டெனா, எங்கே ஒயர் என்றும் எழுதி அனுப்பினாயே, அதை அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்கில் போர்க்கொடி போலப் பிடித்தேன். பிரசிடென்ட் ஓஸ்வால்ட், எதுக்கு இத்தனை ஒயரு, கடையில விக்கிற பூஸ்டர் ஒண்ணு மாட்டினா போச்சு என்றார். அது சட்டப்படி தப்பு, ஊர் போனையெல்லாம் கெடுக்கும், போன் கம்பெனி அனுமதியோடுதான் செய்யணும் என்று நீ எழுதியதைப் படித்தேன். அடுத்து ரேடியேஷனில் முடி கொட்டிவிடும் என்றார், வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே. நான் முப்பது வருஷ கண்டக்டர் அனுபவத்தில் விளக்கினேன். கூட்டமான பஸ்ஸில் ஒருத்தன் முன்னால் நின்று கத்தினால் பின் சீட்டுக்குக் கேட்காது ஓஸ்வால்ட், நடுவில் நாலு பேரை நிறுத்தினால் மெதுவாகச் சொன்னாலே போதும், சிக்னல் நல்லா வந்தால் உம்ம போனும் காதுக்குள் கத்தாது என்றேன். கை தட்டினார்கள், சுவர் அதிர்ந்தது, நாலைந்து புறாக்கள் ஊரைவிட்டே போயின.

அனுமதி வாங்கி, மாடிக்கு இரண்டாகக் கூரையில் கவிழ்த்த கிண்ணம் போல வெள்ளை ஆன்டெனா வைத்து, எல்லாவற்றையும் கேபிளால் இணைத்து, மொட்டைமாடியில் டவரைப் பார்க்க ஒரு பெரிய ஆன்டெனா நிறுத்தினார்கள். டவரிடமிருந்து வாங்கிக் கீழே கொடுப்பதால் அதற்குப் பெயர் டோனர். வேலை நடந்த பத்து நாளும் கான்ட்ராக்டர் ஆட்கள் டோனர் வந்தாச்சா, டோனரைத் திருப்பு என்றே உயிரை வாங்கினார்கள். முடிந்த நாலாம் நாள், சமையலறையிலேயே போன் அடித்தது. டோனர் சிக்கிதாரே, பேக பன்னி என்று ஒரு பெண் கன்னடத்தில் அவசரப்பட்டாள். நான் கம்பீரமாக, டோனர் மொட்டைமாடியில்தான் இருக்காரம்மா, போல்ட் போட்டு டைட் பண்ணியாச்சு, ரொம்ப நன்றி என்று சொல்லி வைக்கப் போனேன் கண்ணு. உன் சித்தி கண் தெரியாமலே தாவிப் போனைப் பிடுங்கி, சிஸ்டர், நான்தான் தனக்கோடி, இதோ கிளம்பிட்டோம் என்றாள். அந்த நர்ஸம்மா சொன்னது, கண் தானம் கொடுப்பவர் கிடைத்துவிட்டார், சீக்கிரம் வாங்க என்று! ஆட்டோவில் போகும்போது என்னைத் திட்டிய திட்டில் ஹொசூர் ரோடு டிராஃபிக்கே விலகி வழிவிட்டது.

முழுசாகத் தெளிய இன்னும் மாதங்கள் ஆகுமாம். ஆனால் போன வாரமே ஃபேனைப் பார்த்து, இவ்வளவு தூசியிலா என்னைக் குடித்தனம் நடத்த வச்சீங்க என்று கேட்டாள். நான் துடைத்தேன், ஆனந்தமாகத் துடைத்தேன். உன்னைப் பெற்றது அண்ணன்தான் என்றாலும், வளர்த்த எங்களுக்கு நீ கடன்பட்டிருக்கிறாய் என்பதெல்லாம் இல்லை, நாங்கள்தான் உனக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல். அன்றைக்கு ஏதோ ஒரு வீட்டில் இழவு விழுந்திருக்கிறது. அழுதுகொண்டிருந்த யாரோ ஒருவர், கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பேர் சொல்லமாட்டார்களாம். சித்தி தினமும் பேர் தெரியாத அவர்களுக்கு ஒரு விளக்கு ஏற்றுகிறாள். நானும் என் இரண்டு கண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், உறவினர் என்ற இடத்தில் உன் பெயரும் நம்பரும் இருக்கிறது. அவசரமில்லை, எனக்கு இன்னும் நூற்று நாற்பது வருஷம் பாக்கி. அந்த நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டால் அழுகையை அப்புறம் வைத்துக்கொள், முதலில் சரி என்று சொல்லிவிடு.

காது மூடித் தொப்பி போடு. நீடூழி நல்லா இரு.

உன் சித்தப்பா,
அப்பாதுரை